கொக்கிளாய் மணலுக்கு எந்தப் பளிங்கு: கட்மியம் டெலுரைட்டா, சோடியம் அயடைட்டா?

இலங்கையின் வடகிழக்கே கொக்கிளாய், புல்மோட்டைக் கரையில் கிடக்கும் கறுப்பு மணலில் பெரும்பங்கு இல்மனைட். கூடவே ரூட்டைல், சிர்க்கோன், கொஞ்சம் மோனசைட். மோனசைட்டுக்குள் தோரியம் இருப்பதால் அந்த மணல் காமா கதிர் விடும். எந்த இடத்தில் எவ்வளவு என்று நடந்து பார்க்க ஒரு கருவி வேண்டுமென்றால், இப்போது முதலில் கண்ணில் படுவது கதிரை உணரும் பளிங்குகளான கட்மியம் டெலுரைட்டும், அதில் கொஞ்சம் நாகம் (துத்தநாகம்) சேர்த்த அதன் தம்பியும்தான். கைக்குள் அடங்கும், பவர்பாங்கில் ஓடும், பார்க்கவும் அழகு. போட்டிக்கு நிற்பது ஹொஃப்ஸ்டாட்டர் 1948இல் அறிவித்த, தாலியம் கலந்த சோடியம் அயடைட்டு. இந்தக் கரைக்கு என் கை அந்தக் கிழட்டுப் பளிங்கின் பக்கம்தான் போகும்.

இரண்டும் வேலை செய்யும் விதமே வேறு. சோடியம் அயடைட்டில் காமா கதிர் பட்டதும் பளிங்கு மினுங்கும். அந்த மினுக்கத்தை ஒளிப்பெருக்கிக் குழாய் மின்துடிப்பாக மாற்றும். கட்மியம் டெலுரைட்டில் இந்தச் சுற்றுவழி இல்லை. அது குறைகடத்தி, கதிர் பட்டதும் உள்ளே நேரடியாக மின்னேற்றம் பிறக்கும், அதை மின்வாய்கள் இழுத்து எடுக்கும். அதனால் பிரிதிறன், அதாவது நெருங்கிய சக்திகளைப் பிரித்துக் காட்டும் திறன், கூட. சீசியம் 137 விடும் 662 கிலோ இலத்திரன்வோல்ற்று (கதிரின் சக்தியை அளக்கும் அலகு) சக்தியில் எழும் கூர்முனைக் கோட்டில் சோடியம் அயடைட்டு ஏறக்குறைய 7 சதவீத அகலம் காட்டும் இடத்தில், நாகம் சேர்த்த நல்ல பளிங்கு 2 சதவீதம் அளவில் நிற்கும்.

இது சின்ன வித்தியாசம் இல்லை. தோரியமும் அது சிதைந்து பிறக்கும் தனிமங்களும் சேர்ந்த தோரியத் தொடரின் 583 கோடும் யுரேனியத் தொடரின் 609 கோடும் சோடியம் அயடைட்டில் ஒன்றோடொன்று கலந்து ஒரே மேடாகத் தெரியும். மற்றதில் இரண்டு தனிக் கூர்முனைகள். அப்படியிருக்க நான் ஏன் பழையதைப் பிடித்துத் தொங்குகிறேன்?

பருமன்தான் காரணம். களவேலைக்குச் சாதாரணமான 3 அங்குலச் சோடியம் அயடைட்டு உருளையின் கனவளவு ஏறக்குறைய 350 கன சென்ரிமீற்றர். நாகம் சேர்த்த பளிங்கு பெரும்பாலும் ஒரு சில கன சென்ரிமீற்றருக்குள்தான் கிடைக்கும். பழுதில்லாத பெரிய பளிங்கை வளர்த்தெடுப்பது கடினம், விலையும் ஏறிவிடும். வெறும் கட்மியம் டெலுரைட்டு என்றால் பெரும்பாலும் 1 மில்லிமீற்றர் தடிப்புத்தான். அதில் துளைகள் (இலத்திரன் விட்டுப்போன நேர்மின்னேற்ற இடங்கள்) மெதுவாக நகர்ந்து வழியிலேயே சிக்கிக்கொள்ளும், தடிப்பைக் கூட்டினால் கூர்முனைக்கு இடப்பக்கம், சக்தி குறைந்த பக்கம், வால் முளைக்கும். மணலில் தோரியத்துக்குச் சந்தேகமில்லாத சாட்சி 2614 கோடு. அவ்வளவு வலிய கதிரை ஒரு சிறு துண்டு முழுதாக விழுங்குவது அபூர்வம். சோடியம் அயடைட்டோ பொற்றாசியத்தின் 1460, யுரேனியத் தொடரின் 1764, தோரியத்தின் 2614 ஆகிய மூன்று சாளரங்களையும் (எண்ணிக்கை எடுக்கும் சக்திப் பகுதிகள்) தனித்தனியாகக் காட்டும். 583க்கும் 609க்கும் நடுவே அது தடுமாறினால் தடுமாறட்டும், அந்த இடத்தைப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை.

அப்புறம் வெயில். சோளகக் காலத்து நடுப்பகலில் மணலில் வைத்த கருவிப்பெட்டி நன்றாகவே சுடும். கட்மியம் டெலுரைட்டில் சூடு கூடக்கூடக் கசிவு மின்னோட்டம் ஏறி இரைச்சல் பெருகும். சில வகை மின்வாய் போட்டவற்றில் நேரம் போகப்போக முனைவாக்கம் வேறு வரும்: கூர்முனை இடம் மாறும், எண்ணிக்கை குறையும், சூட்டில் இது இன்னும் விரைவாக நடக்கும். மின்னழுத்தத்தைச் சற்று நிறுத்திப் போட்டால் சரியாகும். சோடியம் அயடைட்டும் சுத்தத் தங்கம் இல்லை. சூட்டில் அதன் கோடுகளும் நகரும், ஆனால் மணலிலேயே இருக்கும் 1460 கோட்டைப் பிடித்துத் திருத்திக்கொள்ளலாம். ஈரம் அதற்கு எமன். உறையில் கீறல் விழுந்தால் ஒரு மாரி போதும், பளிங்கு மஞ்சளாகிவிடும். ஏசி வாகனத்தில் இருந்து எடுத்த கையோடு சுடுமணலில் வைத்தால் வெடிக்கவும் கூடும். கிரவல் ரோட்டில் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோவதானால் பஞ்சுமெத்தை கட்டாயம்.

ஜேர்மானியம் இந்த இரண்டையும் தூக்கிச் சாப்பிடும், 662இல் 0.2 சதவீதம். ஆனால் அதைத் திரவ நைதரசன் வெப்பநிலைக்குக் குளிர்த்த வேண்டும். நம் பக்கத்துச் சனங்களுக்குத் திரவ நைதரசன் என்றால் மாட்டுக்குச் சினை ஊசி போட வருபவரின் கலன்தான் நினைவுக்கு வரும். ஆய்வுகூடத்தில் வைக்க வேண்டிய சாமான், கரைக்குத் தூக்குவதற்கில்லை.

கட்மியம் டெலுரைட்டைக் குறைத்துப் பேசுவதாக நினைக்க வேண்டாம். கதிர் தாராளமாக வரும் இடத்தில், சக்தி குறைந்த எக்ஸ்ரேக்கு, அதை அசைக்க முடியாது. 60 கிலோ இலத்திரன்வோல்ற்றுக் கதிரை 1 மில்லிமீற்றர் தடிப்பே ஏறக்குறைய முழுதாகப் பிடித்துவிடும். 2021இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சீமென்ஸின் ஃபோட்டோன் எண்ணும் சீ.ரீ. இயந்திரம் இதை நம்பித்தான் நிற்கிறது. 2002இல் ஏவிய இன்ரெக்ரல் விண்கலத்தில் 16,384 கட்மியம் டெலுரைட்டுத் துண்டுகளை அடுக்கி வைத்தார்கள். ஒரு துண்டின் சிறுமையை எண்ணிக்கையால் ஈடுகட்டினார்கள். அதற்குக் காசு வேண்டும்.

காசு இரண்டுக்கும் இருந்தால், சோடியம் அயடைட்டோடு நடந்து, எண்ணிக்கை ஏறும் இடத்தில் சிறு பளிங்கை நீண்ட நேரம் வைத்துப் பார்க்கலாம். தோரியம், யுரேனியம் அளவைச் சரியாகச் சொல்ல வேண்டுமென்றால் மணலைக் காயவைத்து, நிறை பார்த்து, காற்றுப் போகாத டப்பாவில் மூடி ஜேர்மானியம் இருக்கும் ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேண்டியதுதான். மூடிய பிறகு 3, 4 வாரம் பொறுக்க வேண்டும். யுரேனியத் தொடரில் பிறந்து தப்பிப்போன ரேடன் வாயு திரும்பச் சேர அவ்வளவு நாள் எடுக்கும்.