கோயில் மேள மெசின்: ஆறு மாதம் பாவித்த பிறகு

விசுவமடுப் பக்கம் எங்கள் பிள்ளையார் கோயிலுக்கு மேள மெசின் வாங்கி ஆறு மாதமாகிறது. காசு வெளிநாட்டில் இருக்கும் ஊர்ப்பிள்ளைகள் அனுப்பியது, அதனால் குறை சொல்லக் கொஞ்சம் கூச்சம்தான், ஆனாலும் வேறு கோயில்காரர் வாங்க யோசித்தால் உதவும் என்று எழுதுகிறேன்.

சாமான் எளிது. இரும்புச் சட்டத்தில் ஒரு முரசு, இரண்டு மணி, ஒரு சேமக்கலம். கீழே மோட்டர், அது பெல்ட்டால் ஒரு தண்டைச் சுழற்றும், தண்டில் இருக்கும் மேடுகள் கோல்களைத் தூக்கித் தூக்கி விடும். சுவிட்சைப் போட்டால் சரி. மணிக்கயிறு இழுக்க ஆளில்லாமல் ஐயரே ஓடிப்போய் இழுத்துவிட்டு வந்து தீபம் காட்டிய காலைகளைப் பார்த்தவர்கள் இதைத் திட்ட மாட்டார்கள்.

ஆனால் சத்தம் அதிகம். அதைவிடப் பெரிய குறை, அதற்குக் கண் இல்லை. தவில்காரர் வலது கை விரல்களில் கூடு மாட்டி, இடது கையில் கோலோடு இருந்தாலும், பார்வை முழுக்க ஐயரின் கையில்தான் இருக்கும். திரை விலகும்வரை அடக்கி வாசிப்பார், விலகியதும் திறந்துவிடுவார், கர்ப்பூரம் எரியும்போது இன்னும் இறுக்குவார். மெசினுக்குத் திரை மூடியிருந்தாலும் ஒன்றுதான், சாமி தெரிந்தாலும் ஒன்றுதான். கல்யாணத்தில் இதைப் போட்டுவிட்டுக் கெட்டிமேளம் சொல்லிப் பாருங்கள்!

மூன்றாம் மாதம் பெல்ட் தளர்ந்து, அடி ஒன்று விட்டு ஒன்று நொண்டியது. வழக்கமாக வரும் பெரியவர் ஒருவர் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, இண்டைக்குத்தான் ஆள் அடிக்கிற மாதிரிக் கிடக்கு" என்றார். சிரித்துவிட்டேன், ஆனால் அன்று இரவு முழுக்க அதே யோசனை. பிசகினால் மனிதத்தன்மை வந்துவிடுமா? இல்லை என்றுதான் நினைக்கிறேன். தவில்காரர் தாமதிப்பது ஐயரின் கைக்காக, பெல்ட் தாமதித்தது தேய்ந்துபோனதால்.

ஜப்பானில் 1984இலேயே வசேதா பல்கலைக்கழகம் இசைக் குறிப்பைப் பார்த்து ஓர்கன் வாசிக்கும் ரோபோ செய்துவிட்டது, 2007இல் டொயோட்டாவின் ரோபோ வயலின் வாசித்தது. அமெரிக்காவில் ஜோர்ஜியா டெக் பல்கலைக்கழகத்தின் 'ஷிமோன்' என்ற ரோபோ, தன்னோடு வாசிப்பவரைக் கேட்டுக்கேட்டு, மரக்கட்டைகளைக் கோலால் தட்டி வாசிக்கும் மரிம்பாவில் தானாகப் பதில் வாசிக்கும், தலையைக்கூட ஆட்டும். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. உணர்ச்சி உள்ளே இருக்கிறதோ இல்லையோ, பக்கத்தில் நிற்பவரைக் கவனிக்கிறது அல்லவா. எங்கள் மெசினிடம் அந்தளவுகூட இல்லை.

வாங்குகிறவர்கள் பெல்ட் இரண்டு சேர்த்தே வாங்குங்கள், பிறகு கேட்டால் எங்கள் கடைக்காரர் போனை எடுப்பதே இல்லை. கரண்ட் போகும் நாளுக்கு ஒரு பொடியனையும் மணிக்கயிற்றுக்குப் பழக்கி வையுங்கள்.

நாள் பூசைக்கு மெசின் போதும். இந்த வருடத் திருவிழாவுக்கு அதைச் சாக்குப் போட்டு மூடிவிட்டுத் தவில், நாதஸ்வரம் பிடித்தோம். தவில்காரர் ஓய்வு நேரத்தில் தேத்தண்ணிக் கோப்பையை அதன்மேல்தான் வைத்தார்.