பக்கத் தலைப்பு: டெம்ப்ளேட் போதுமா, கையால் எழுதணுமா?

இணையப் பக்கத்தின் டைட்டிலை, அதாவது தேடல் முடிவில் பக்கத்தின் பெயராகத் தெரிவதற்காக நாம் கொடுக்கும் வரியை, இரண்டு விதமாக அமைக்கலாம். பதிவின் பெயர், பிரிவு, தளப்பெயர் மூன்றையும் தானே கோத்துத் தரும் டெம்ப்ளேட் ஒன்று. ஒவ்வொரு பக்கத்துக்கும் உட்கார்ந்து எழுதுவது இன்னொன்று. என் தளத்தில் முதலில் டெம்ப்ளேட்தான் ஓடியது. இப்போது தேடலில் ஆள் வரவேண்டிய பக்கங்களுக்கெல்லாம் கையால்தான் எழுதுகிறேன்.

டெம்ப்ளேட்டின் வசதி தெரிந்ததுதான். தளம் நடத்த உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளில், யோஸ்ட் மாதிரி ஒரு செருகுநிரலில் (கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் துணை மென்பொருள்) ஒருமுறை அமைத்துவிட்டால் எந்தப் பக்கமும் டைட்டில் இல்லாமல் நிற்காது. பதிவின் பெயரை மாற்றினால் டைட்டிலும் கூடவே மாறிவிடும்.

என்னை மாற வைத்தது ஒரே கேள்வி: நாம் கொடுக்கிற டைட்டிலை கூகுள் அப்படியே காட்டுமா? 2021 ஆகஸ்டில் கூகுள் இதற்கான முறையை மாற்றியது. டைட்டில் பொருத்தமில்லை என்று பட்டால், பக்கத்துக்குள் பெரிதாகத் தெரியும் தலைப்பிலிருந்தோ, பிறர் அந்தப் பக்கத்துக்கு இணைப்புக் கொடுத்த சொற்களிலிருந்தோ எடுத்துத் தானே ஒன்றைப் போட்டுவிடும். சுமார் 87 சதவீதம் நேரம் நாம் எழுதிய டைட்டிலையே எடுத்துக்கொள்வதாக அடுத்த மாதமே சொன்னது. சரி, மீதியில் யார் மாட்டுகிறார்கள்? பாதி காலியான டைட்டில், பல பக்கங்களில் ஒரே வாசகம், ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப அடுக்குவது, பழைய வருடம் அப்படியே நிற்பது ஆகியவற்றை கூகுளே காரணங்களாகச் சொல்கிறது. முதல் இரண்டும் டெம்ப்ளேட்டுக்கு உடன்பிறந்த வியாதி. ‘பராமரிப்பு | சைக்கிள் | தளப்பெயர்’ என்று வந்தால் தேடுகிறவருக்கு ஒன்றும் புரியாது. ‘சைக்கிள் செயின் அடிக்கடி கழல்கிறதா? காரணங்களும் சரிசெய்யும் முறையும்’ என்றால், அவர் மனதில் இருந்த கேள்வியே எதிரில் நிற்கிறது. கூகுளுக்கும் அதில் கைவைக்கக் காரணம் குறைவு. பக்கத்துக்குள் இருக்கும் தலைப்பும் ஏறக்குறைய இதையே சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொன்று, 2022இலிருந்து தளத்தின் பெயரை கூகுள் தேடல் முடிவில் தனியாகவே காட்டுகிறது. டெம்ப்ளேட் ஒட்டுகிற அந்த வாலுக்கு இப்போது முன்பிருந்த தேவை இல்லை. இடம் வேறு குறைவு. டைட்டில் வெட்டுப்படுவது எழுத்துக் கணக்கில் இல்லை, திரையில் பிடிக்கும் அகலத்தில். ‘60 எழுத்துக்குள் எழுது’ என்ற ஆங்கில ஆலோசனை நம்முடைய ணை, ளௌ அகலத்துக்குச் சரிப்படாது. முக்கியமான சொல்லை முன்னால் வைத்துவிட்டால் வால் வெட்டுப்பட்டாலும் கவலையில்லை.

கையால் எழுதுவதில் தொல்லை பராமரிப்புதான். பக்கத்தைத் திருத்துகிறோம், டைட்டில் பழசாகவே கிடக்கிறது. அதனால் டைட்டிலில் வருடம் போடுவதை விட்டுவிட்டேன். அப்புறம், தேடலில் நம் பக்கங்கள் எப்படிப் போகின்றன என்று காட்டும் கூகுளின் சர்ச் கன்சோல் கருவியில், நிறையப் பேர் கண்ணில் பட்டும் கிளிக் குறைவாக உள்ள பக்கங்களை அவ்வப்போது பார்த்து மாற்றுகிறேன். கிளிக் கூடினால் முழுப் பெருமையும் டைட்டிலுக்குத்தான் என்று சொல்லமாட்டேன். அதே நேரத்தில் பக்கம் இரண்டு இடம் மேலே ஏறியிருக்கலாம்.

ஆயிரக்கணக்கில் பொருள் பக்கங்கள் உள்ள விற்பனைத் தளத்தை நான் நடத்தியதில்லை. அங்கே கையால் எழுதுவது நடக்கிற காரியமாகத் தெரியவில்லை. பிராண்டு, மாடல், அளவு என்று பக்கத்துக்குப் பக்கம் மாறும் விவரங்களை டெம்ப்ளேட்டுக்குள் கொண்டுவருவதே வழியாக இருக்கும். என் தளத்திலும் பிரிவுப் பக்கங்கள், மாதவாரிக் காப்பகம் இரண்டையும் டெம்ப்ளேட்டிடமே விட்டிருக்கிறேன்.