எதிலிருந்து கழன்றது என்று சொல்லத் தெரிந்த பழைய இரும்புக் கடை

காய்ச்சிய இரும்பை வைத்து அடிக்கும் அடைகல்லுக்கும் கருவிகளுக்கும் நல்ல எஃகு எங்கே கிடைக்கும் என்று யார் கேட்டாலும் நான் நாமக்கல்லைத்தான் கைகாட்டுகிறேன். சேலம் சாலையில் லாரிப் பட்டறைகளை ஒட்டி உள்ளே பிரியும் மண்பாதையில் ஒரு பழைய இரும்புக் கடை இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. எடைமேடையும் வேப்பமரமும்தான் அடையாளம். ராசிபுரம் பக்கத்தில் உள்ள என் பட்டறையில் அடிக்கும் கொடுவாள், களைக்கொத்து, தச்சு உளி எல்லாவற்றுக்கும் எஃகு இங்கிருந்துதான் வருகிறது.

லாரிக்குப் பாடி கட்டும் ஊர் நாமக்கல். பக்கத்தில் திருச்செங்கோடு, ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளுக்குப் பேர்போனது. இந்த இரண்டு தொழிலும் கழித்துப் போடும் இரும்பு சாதாரண இரும்பு அல்ல. கனம் சுமந்த, அடி வாங்கிய எஃகு. அது எல்லாப் பழைய இரும்புக் கடைகளுக்கும்தான் போகிறது. ஆனால் பெரும்பாலான கடைகளில் லாரியின் பாரம் தாங்கும் வில்லான கமான் பட்டையும் கேட் கம்பியும் உடைந்த சைக்கிளும் ஒரே குவியலில் கிடக்கும். அதில் இருந்து உருவும் துண்டு உளியாகுமா, வளைந்து போகுமா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. இந்தக் கடையை நடத்தும் அக்கா, இரும்பு உள்ளே வரும்போதே பிரித்துவிடுகிறார். லாரிப் பட்டை ஒரு பக்கம், டிராக்டர் சாமான் ஒரு பக்கம், ரிக் சாமான் சுவரோரம், கட்டடக் கம்பி கடைசியில். ஒரு துண்டைத் தூக்கிக் காட்டினால், "அது டிப்பர் லாரியின் பின்பக்கத்துப் பட்டை தம்பி, நடு போல்ட் ஓட்டையைப் பார்த்து எடுங்கள்" என்று உட்கார்ந்த இடத்தில் இருந்தே சொல்வார். கொல்லனுக்கு இந்த ஒரு வரி போதும். எஃகு எதிலிருந்து கழன்றது என்று தெரிந்தால், அதில் கார்பன் எவ்வளவு இருக்கும், கடினமாக்க எண்ணெயில் தோய்க்கலாமா தண்ணீரிலா என்பதெல்லாம் பாதி விளங்கிவிடும்.

அவர் ஓட்டையைப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கமான் பட்டை வருடக்கணக்கில் வளைந்து நிமிர்ந்தே களைத்துப் போன எஃகு. நடு போல்ட் ஓட்டையைச் சுற்றியும், முதல் பட்டையின் சுருட்டிய கண்ணிலும் மயிரிழை விரிசல் விட்டிருக்கும். துருவுக்கு அடியில் அது தெரியாது. நான் பையில் ஒரு கம்பி பிரஷ், சிறிய பாட்டிலில் மண்ணெண்ணெய், கொஞ்சம் சுண்ணாம்புத் தூள் கொண்டு போவேன். துருவைத் தேய்த்து எடுத்து, மண்ணெண்ணெய் தடவி, சற்று ஊறவிட்டு நன்றாகத் துடைத்துவிட்டு மேலே சுண்ணாம்பைத் தூவ வேண்டும். விரிசல் இருந்தால் உள்ளே இறங்கிய எண்ணெய் மெல்லக் கசிந்து, வெள்ளைப் பொடியில் பென்சிலால் கிழித்ததைப் போல ஒரு கோடு எழும். அந்தப் பட்டையை வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கலாம். இதையெல்லாம் பொறுமையாகச் செய்யவிடுகிற கடைகள் மிகக் குறைவு. இங்கே யாரும் முகம் சுளித்ததில்லை.

ஓரத்தில் கைக் கிரைண்டரும் ஒன்று வைத்திருக்கிறார்கள். எந்த எஃகு என்று சந்தேகம் இருந்தால் தேய்த்துப் பறக்கும் பொறியைப் பார்த்துக்கொள்ளலாம். மெல்லிரும்பின் பொறி நீளமாக, நேராக ஓடும். பூ அதிகம் விரியாது. கார்பன் கூடக் கூடப் பொறி சக்கரத்தின் பக்கத்திலேயே கொத்துக்கொத்தாக வெடிக்கும். வார்ப்பிரும்பு மங்கலான சிவப்பில் குட்டையாக அடங்கிவிடும். வெயிலில் இது சரியாகத் தெரியாது. வேப்பமர நிழலுக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள்.

இந்தக் கடைக்கென்றே உள்ள பொக்கிஷம் ரிக் வண்டியின் ஹேமர் பிஸ்டன். பூமிக்கடியில் காற்றழுத்தத்தில் மேலும் கீழும் பாய்ந்து பாறை பிளக்கும் துளைமுனையை (பிட்) அடிப்பது அதன் வேலை. உருண்டையான, முழு எஃகுத் தூண். நடுவில் காற்றுத் துளை மட்டும் இருக்கும். இதை வேலங்கட்டையில் குழி தோண்டிச் செங்குத்தாகப் பதித்தால் சிறு வேலைக்கு இதைவிட நல்ல அடைகல் கிடைக்காது. பேரிங் குண்டு ஒன்றைப் பத்து அங்குல உயரத்தில் இருந்து அதன்மேல் விட்டுப் பாருங்கள். எட்டு அங்குலம் வரை திரும்பி எகிறினால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். ஒரு எச்சரிக்கை: பிஸ்டனின் மேல்முகம் அவ்வளவு கடினம் என்பதால் சுத்தியலால் வெறும் முகத்தில் அடிக்கக் கூடாது, சில்லு தெறித்துக் கண்ணில் பாயும். உலையில் வைத்துச் சூடாக்கவும் கூடாது. ஏற்றிய பதம் இறங்கிவிடும்.

லாரியின் பின் ஆக்சில் தண்டும் இங்கே கிடைக்கும். தட்டுப் பக்கம் மேலே இருக்கும்படி நட்டால் அதுவே ஒரு அடைகல். தண்டை வெட்டினால் சம்மட்டிக்கும் கனத்த உளிக்கும் ஆகும்.

தண்டவாளத் துண்டு கேட்டுப் போகிறவர்கள் கவனிக்க. நம் ரயில்வேயில் பெரும்பாலும் மீட்டருக்கு 52 கிலோ, 60 கிலோ எடையுள்ள தண்டவாளங்கள்தான். கார்பன் 0.6 முதல் 0.8 சதவீதம், அடைகல்லுக்கு அருமையான எஃகு. ஆனால் ரயில்வே சொத்தை உரிய கணக்கில்லாமல் வைத்திருப்பது 1966ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஏலத்தில் எடுத்த ரசீது இருந்தால் மட்டுமே இந்தக் கடையில் தண்டவாளம் வாங்கி வைப்பார்கள். அதன் நகலையும் நமக்குத் தருவார்கள். வேறொரு கடையில் ரசீது கேட்டதற்கு என்னை வெளியே போகச் சொன்னார்கள், அதனால் இதன் அருமை எனக்குத் தெரியும். வாங்கியதைப் படுக்கவைத்து அடிக்காதீர்கள். நடுத்தண்டு மெல்லியது, அடியை விழுங்கிவிடும். செங்குத்தாக நிறுத்தி அடித்தால் முழுக் கனமும் சுத்தியலுக்கு நேர் கீழே நிற்கும்.

கட்டடக் கம்பி கருவிக்கு உதவாது, விட்டுவிடுங்கள். துத்தநாகம் பூசிய குழாயை உலைப் பக்கமே கொண்டு போகக் கூடாது. அந்தப் புகை காய்ச்சலில் தள்ளும். மூடிய ஷாக் அப்சார்பர் சூட்டில் வெடிக்கும். அக்காவே இவற்றை நமக்கு விற்க மாட்டார்.

விலை நியாயமானது. சாதாரணப் பழைய இரும்பைவிடப் பட்டைக்குக் கிலோவுக்குப் பத்திருபது ரூபாய் கூடும். பிரித்து வைக்கும் உழைப்புக்கு அது தகும்.

எனக்கு இருக்கும் ஒரே மனக்குறை வெட்டித் தரும் முறை. அவசரத்தில் எல்லாவற்றையும் காஸ் வைத்தே அறுக்கிறார்கள். வெட்டிய ஓரம் வெந்து, சில இடம் கண்ணாடியாகக் கடினப்பட்டு, அரம் வழுக்குகிறது. அந்த ஓரத்தோடு கருவி அடித்தால் விளிம்பில் இருந்து விரிசல் ஓடும். அரை அங்குலமாவது தேய்த்துத் தள்ள வேண்டியிருப்பதால் எடை போட்டு வாங்கிய எஃகு வீணாகிறது. கட்டிங் சக்கரத்தில் வெட்டச் சொன்னால் வெட்டுகிறார்கள், ஒரு வெட்டுக்குத் தனிக் காசு. கொடுத்துவிடுங்கள். காலையிலேயே போய்ச் சொல்லிவிட்டால் பையன் வெட்டி முடிப்பதற்குள் நீங்கள் அடுத்த குவியலைப் பார்த்துவிடலாம். மதியத்துக்கு மேல் லாரிகள் சரக்கு இறக்க வரிசை கட்டும், அப்போது உங்களைக் கவனிக்க அங்கே ஆள் இருக்காது.