ராய்ஸ் பீக்கா, டொங்காரிரோவா: எந்த மலைநடை கடினமானது?

நியூசிலாந்தில் ஒரே பகலில் நடந்து முடிக்கக்கூடிய மலைப்பாதைகளைப் பற்றிப் பேசும்போது இரண்டு பெயர்கள் தவறாமல் வந்துவிடும். ஒன்று, தென் தீவில் வானகா ஏரிக்கு மேலே 1,578 மீட்டர் உயரத்தில் நிற்கும் ராய்ஸ் பீக். மற்றொன்று, வட தீவின் எரிமலைகளுக்கு ஊடே ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கும் டொங்காரிரோ ஆல்பைன் கிராசிங். இவற்றில் எது கடினம் என்று கேட்டால் பெரும்பாலோர் ஏற்றத்தின் அளவை மட்டும் பார்த்து ராய்ஸ் பீக் என்று சொல்லிவிடுகிறார்கள். அந்த விடை பாதிதான் சரி.

ஏற்றத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் ஐயத்துக்கு இடமில்லை. ராய்ஸ் பீக்கில் 8 கிலோமீட்டரில் 1,200 மீட்டருக்கு மேல் ஏறி, வந்த வழியே 8 கிலோமீட்டர் இறங்க வேண்டும். டொங்காரிரோவில் சுமார் 20 கிலோமீட்டர் நடக்க வேண்டியிருந்தாலும், மொத்த ஏற்றம் ஏறத்தாழ 800 மீட்டர்தான். 1892இல் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நைஸ்மித் வகுத்த எளிய கணக்கு ஒன்று உண்டு: 5 கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்துக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம். அதன்படி ராய்ஸ் பீக்குக்கு 5 மணி 12 நிமிடமும் டொங்காரிரோவுக்கு 5 மணி 20 நிமிடமும் வருகின்றன. அதாவது இரண்டும் ஏறக்குறைய சமம். ஆனால் நடப்பவர்களுக்குப் பரிந்துரைக்கப்படும் நேரமோ ராய்ஸ் பீக்குக்கு 5 முதல் 6 மணி, டொங்காரிரோவுக்கு 7 முதல் 8 மணி. இந்த இரண்டு மணி நேர வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால்தான் இரு பாதைகளின் உண்மையான கடினம் புலப்படும்.

ராய்ஸ் பீக்கின் கடினம் ஒரே வகையானது. பாதை அகலமானது, ஜீப் செல்லும் மண்சாலையைப் போன்றது. கையை ஊன்றி ஏற வேண்டிய இடமோ, வழி தவறும் கவலையோ நல்ல வானிலையில் இல்லை. ஆடுகள் மேயும் பண்ணை நிலத்தினூடே வளைந்து வளைந்து ஏறும் இந்தப் பாதையில் சமதளம் என்று மூச்சு வாங்க ஓர் இடம் கிடைப்பது அரிது; ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சராசரியாக 150 மீட்டர் ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். நிழல் தரும் மரங்களும் இல்லை, குடிநீரும் இல்லை என்பதால் கோடையில் வெயில்தான் மலையைவிடப் பெரிய எதிரி. மனத்தைச் சோர்வடையச் செய்வது இன்னொன்று: ஏறும்போது உச்சி வெகுநேரம் கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருந்தும் நெருங்கி வருவதில்லை. ஆயினும் உச்சிக்குக் கீழே, எல்லோரும் படம் எடுத்துக்கொள்ளும் அந்தப் புகழ்பெற்ற முகட்டிலேயே ஏரியும் தீவுகளும் பனிமலைகளும் முழுமையாகத் தெரிந்துவிடுகின்றன. அங்கேயே திரும்பிவிட்டாலும் இழப்பு அதிகமில்லை.

டொங்காரிரோவின் கடினம் அடுக்கடுக்கானது. மங்கடெபோபோ பள்ளத்தாக்கில் முதல் ஒரு மணி நேரம் ஏறுகிறோம் என்றே தோன்றாது. மரப்பலகை பாவிய இடங்கள்கூட உண்டு. சோடா ஸ்பிரிங்ஸ் என்ற ஊற்றைத் தாண்டியதும் ‘சாத்தானின் படிக்கட்டு’ என்று பெயர் பெற்ற செங்குத்தான பகுதி தொடங்குகிறது. அதன்பின் தென் எரிமலைவாயின் சமவெளி சற்று ஓய்வு தரும். மீண்டும் ஒரு குறுகலான முகட்டில் ஏறினால் 1,868 மீட்டரில் சிவப்பு எரிமலைவாயின் விளிம்பு, இப்பாதையின் மிக உயர்ந்த இடம். நான் அறிந்தவரை பலரும் தடுமாறுவது அதுவரையிலான ஏற்றத்தில் அன்று, அதற்கு அடுத்த சில நூறு மீட்டர் இறக்கத்தில்தான். மரகத ஏரிகளை நோக்கி இறங்கும் அந்தச் சரிவு முழுவதும் எரிமலைச் சாம்பலும் உதிரிச் சரளையும். வைத்த கால் வைத்த இடத்தில் நிற்காது. குதிகாலை அழுத்தி ஊன்றி, சிறு அடிகளாக, ஊன்றுகோலின் துணையுடன் இறங்குவதே வழி. நைஸ்மித்தின் கணக்கு தூரத்தையும் உயரத்தையும் அளக்கிறது. காலடியில் நழுவும் மண்ணை அது அளப்பதில்லை.

இதைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று இருக்கிறது. ராய்ஸ் பீக்கில் எந்த இடத்தில் களைத்தாலும் திரும்பி இறங்கினால் வண்டி நிற்கும் இடம் வந்துவிடும். டொங்காரிரோ தொடங்கிய இடத்தில் முடிவதில்லை. பாதை முடியும் கெடெடாஹி முனையில் அழைத்துச் செல்ல வண்டி காத்திருக்கும் என்ற ஏற்பாட்டுடன்தான் பெரும்பாலோர் நடக்கிறார்கள். அதனால் மேகம் இறங்கிக் காற்று வலுக்கும்போதுகூட, இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்று முன்னோக்கியே நடக்கும் எண்ணம் எழுகிறது. நடுவழியைக் கடந்தபின் முன்னே போனாலும் பின்னே வந்தாலும் பல கிலோமீட்டர் திறந்த வெளிதான். திரும்புவதானால் சிவப்பு எரிமலைவாய்க்கு ஏறுவதற்கு முன்பே, தென் எரிமலைவாயில் நின்று முடிவெடுத்துவிட வேண்டும். மேலும் இது உயிருள்ள எரிமலை: 2012 ஆகஸ்டில் டெ மாரி எரிமலைவாய் வெடித்தபோது பறந்து விழுந்த பாறைகள் கெடெடாஹி குடிலின் கூரையைத் துளைத்தன.

இவற்றால் புதியவர்களுக்கு ராய்ஸ் பீக்கையே பரிந்துரைப்பேன்; மூட்டுவலி உள்ளவர்களுக்கு மட்டும் அது டொங்காரிரோவாக மாறும். இறக்கத்தின் மொத்த அளவு இரண்டிலும் பெரிய வேறுபாடின்றி 1,100 மீட்டருக்கு மேல் இருந்தாலும், டொங்காரிரோவின் நீண்ட கடைசிப் பகுதி நிதானமாக இறங்குகிறது. ராய்ஸ் பீக்கிலோ இறுகிய தரையில் இடைவிடாத சரிவு. தொடைத் தசைகள் உடலின் எடையை அடிக்கு அடி தடுத்து நிறுத்த வேண்டியிருப்பதால் வலி அடுத்த நாளும் அதற்கு மறுநாளும் நீடிக்கும்.

ஆகவே, உடல் உழைப்பில் ராய்ஸ் பீக்கும், பொறுப்பிலும் முன்னேற்பாட்டிலும் டொங்காரிரோவும் கடினமானவை என்பேன். மலைநடையில் முதன்முறையாக ஈடுபடுபவருக்கு, மூட்டு நலமாக இருந்தால், ராய்ஸ் பீக்கையே சொல்வேன். ஆனால் குட்டி ஈனும் பருவத்தில் ஆடுகளுக்கு இடையூறு நேராதிருக்க அக்டோபர் 1 முதல் நவம்பர் 10 வரை அப்பாதை மூடப்படுகிறது. அந்த வாரங்களில் செல்பவர்கள், அதற்கு ஈடாக டொங்காரிரோவைத் தேர்ந்தெடுக்கும் முன், அங்கே மேற்பகுதியில் பனி இன்னும் கிடக்கக்கூடும் என்பதையும், உறைந்த சரிவில் பனிக்கோடரியும் காலணியில் மாட்டும் இரும்பு முட்களும் அவற்றைக் கையாளும் பயிற்சியும் இல்லாமல் தனியே நடப்பது ஆபத்து என்பதையும் கருத வேண்டும். பயிற்சி இல்லாதவர்கள் வழிகாட்டியுடன் செல்லலாம், அல்லது பனி உருகும்வரை காத்திருக்கலாம்.