விஸ்ட்ரீ: சி டிரைவ் எங்கே நிரம்பியது என்று சில நொடியில் காட்டும் கருவி

சி டிரைவில் சிவப்புக் கோடு வந்ததும் பலரும் ஏதாவது ஒரு கிளீனர் மென்பொருளை இறக்கி ஓடவிடுகிறார்கள். அது பிரௌசர் கேஷைத் துடைத்துவிட்டுச் சில நூறு எம்பி மிச்சம் என்று காட்டும். பிரௌசரைத் திறந்து நாலு நாள் ஓட்டினால் அத்தனையும் திரும்பச் சேர்ந்துவிடும். 256 ஜிபி எஸ்எஸ்டி விண்டோஸ் கணக்கில் 238 ஜிபிதான். அதில் 200 ஜிபியை அடைத்திருப்பது எது என்று தெரியாமல் எதை அழித்தும் பயனில்லை. அதைத் தெரிந்துகொள்ள வீட்டுக் கம்ப்யூட்டருக்கு விஸ்ட்ரீ போதும்.

இதன் பலம் வேகம். விண்டோஸ் டிரைவ்கள் வழக்கமாக ஃபார்மேட் ஆகியிருக்கும் முறைக்குப் பெயர் என்டிஎஃப்எஸ். அப்படிப்பட்ட டிரைவ் ஒவ்வொன்றிலும் மாஸ்டர் ஃபைல் டேபிள் என்று ஒரு பேரேடு உண்டு. எந்த ஃபைல், எவ்வளவு அளவு, எந்த ஃபோல்டர் என்பதெல்லாம் அதில் பதிவாகியிருக்கும். மற்ற கருவிகள் பலவும் ஃபோல்டர் ஃபோல்டராக நுழைந்து எண்ணிக்கொண்டிருக்க, விஸ்ட்ரீ இந்தப் பேரேட்டை நேரடியாக வாசித்துவிடுகிறது. எஸ்எஸ்டியில் சில நொடிதான். திறக்கும்போது அட்மின் அனுமதி கேட்பதும் இதற்காகத்தான். 'நோ' கொடுத்தால் அதுவும் பழைய முறையில் மெதுவாகத்தான் எண்ணும். எக்ஸ்ஃபேட் என்ற வேறொரு முறையில் ஃபார்மேட் செய்த பென் டிரைவில் இந்தப் பேரேடே கிடையாது. அங்கே இந்த வேகத்தை எதிர்பார்க்கக் கூடாது.

தயாரித்தவர்கள் ஆன்டிபாடி சாஃப்ட்வேர். அவர்களுடைய தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். தேடலில் மேலே விளம்பரமாக வரும் 'டவுன்லோடு' பட்டன்கள் வேறு எதையாவது தலையில் கட்டிவிடும். இன்ஸ்டாலர், போர்ட்டபிள் என்று இரண்டு வகை உண்டு. டிரைவ் ஏற்கெனவே நிரம்பிக் கிடந்தால் போர்ட்டபிள் ஜிப்பை வேறொரு கம்ப்யூட்டரில் இறக்கிப் பென் டிரைவில் விரித்து, அங்கிருந்தே ஓட்டலாம். எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம். சொந்த உபயோகத்துக்கு இலவசம். அலுவலகத்துக்கு லைசென்ஸ் வாங்க வேண்டும்.

டிரைவைத் தேர்ந்து 'ஸ்கேன்' கொடுத்ததும் மேலே ஃபோல்டர்கள் பெரியது முதல் வரிசையாக வரும். கீழே வண்ணக் கட்டங்கள். கட்டம் பெரிதானால் ஃபைலும் பெரிது. கவனிக்க வேண்டியது 'சைஸ்' (ஃபைலின் அளவு), 'அலோகேட்டட்' (டிரைவில் உண்மையில் பிடித்திருக்கும் இடம்) என்ற இரண்டு பத்திகள். ஒன்டிரைவ் ஃபோல்டரில் சைஸ் 40 ஜிபி என்று இருந்து அலோகேட்டட் சுழியமாக இருந்தால், அந்த ஃபைல்கள் கிளவுடில் மட்டுமே இருக்கின்றன என்று அர்த்தம். அதை அழித்தால் டிரைவில் ஒரு எம்பிகூடத் திரும்பாது, கிளவுடில் இருக்கும் படங்கள்தான் போகும். அதனால் அலோகேட்டட் பத்தியைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

குறையும் இங்கேதான் வருகிறது. எது பெரிது என்று சொல்லும் விஸ்ட்ரீ, எதைத் தொடக் கூடாது என்று சொல்வதில்லை. ரைட் கிளிக்கில் டெலீட் கையருகே இருப்பது ஆபத்து. பார்க்க விஸ்ட்ரீ, அழிக்க விண்டோஸ் என்று வைத்துக்கொள்வதே சரி.

சி டிரைவின் மேல்மட்டத்தில் ஹைபர்ஃபில்.சிஸ் என்று ஒரு பெரிய ஃபைல் தெரியும். ஹைபர்னேட் செய்வதற்காக, அதாவது திறந்திருப்பதை எல்லாம் டிரைவில் எழுதிவைத்துவிட்டுக் கம்ப்யூட்டரை அணைப்பதற்காக, விண்டோஸ் ஒதுக்கிய இடம் அது, வழக்கமாக ரேமில் 40 சதவீதம். 16 ஜிபி ரேம் என்றால் 6.4 ஜிபி. கையால் அழிக்க முடியாது. கமாண்ட் பிராம்ப்டை அட்மினாகத் திறந்து பவர்சிஎஃப்ஜி (powercfg) கட்டளையில் ஹைபர்னேட்டை ஆஃப் செய்தால் தானாக மறையும். விண்டோஸ் சீக்கிரம் எழ உதவும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பும் கூடவே போய்விடும். எஸ்எஸ்டியில் அது பெரிய இழப்பில்லை. லேப்டாப்பை ஹைபர்னேட்டில் போட்டுவிட்டு எழுந்து போகும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். ரேம் போதாதபோது விண்டோஸ் பயன்படுத்தும் பேஜ்ஃபைல்.சிஸ் பக்கத்திலேயே நிற்கும், அதன் பக்கம் போகவே வேண்டாம்.

விண்டோஸ் தன் சிஸ்டம் ஃபைல்களை வைத்திருக்கும் வின்எஸ்எக்ஸ்எஸ் ஃபோல்டர் பார்ப்பவரைப் பயமுறுத்தும். அதிலுள்ள பல ஃபைல்கள் சிஸ்டம்32இல் இருக்கும் அதே ஃபைலுக்கான ஹார்டு லிங்க்குகள், அதாவது ஒரே ஃபைலுக்கு இன்னொரு பெயர், தனி நகல் அல்ல. எக்ஸ்ப்ளோரர் ஒரே ஃபைலை இரண்டு முறை எண்ணுவதால் அளவு ஊதித் தெரிகிறது. உள்ளே புகுந்து அழித்தால் விண்டோஸே எழாமல் போகலாம். டிஸ்க் கிளீனப்பில் 'கிளீனப் சிஸ்டம் ஃபைல்ஸ்' அழுத்தி, 'விண்டோஸ் அப்டேட் கிளீனப்'பை டிக் செய்தால் தேவையற்ற பழைய அப்டேட்டுகளை மட்டும் அது எடுத்துவிடும். விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் இன்ஸ்டாலர் ஃபோல்டரும் இதே ரகம்: இன்று அழித்தால் ஒன்றும் ஆகாது, ஆறு மாதம் கழித்து ஏதோ ஒரு மென்பொருளை அப்டேட் செய்யவோ நீக்கவோ போகும்போது அதன் எம்எஸ்ஐ ஃபைல் (இன்ஸ்டால் செய்ய உதவும் ஃபைல்) காணோம் என்று நின்றுவிடும்.

அப்கிரேடுக்குப் பின் பழைய விண்டோஸைச் சேமித்துவைக்கும் விண்டோஸ்.ஓல்டு ஃபோல்டர் தெரிந்தால் செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ் வழியாக நீக்குங்கள். பழைய பதிப்புக்குத் திரும்பும் வாய்ப்பு அதோடு முடிந்துவிடும். பொறுத்திருந்தால் 10 நாளில் விண்டோஸே அதை எடுத்துவிடும். அதே பட்டியலில் 'டவுன்லோட்ஸ்' என்று ஒரு வரி இருக்கும். அதில் டிக் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். சேமித்து வைத்த சான்றிதழ் பிடிஎஃப் எல்லாம் அந்த ஒரு டிக்கில் போய்விடும்.

'சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன்' பெருத்திருந்தால் அது பெரும்பாலும் ரீஸ்டோர் பாயின்ட்டுகள், அதாவது சிக்கல் வந்தால் பழைய நிலைக்குத் திரும்ப விண்டோஸ் சேமித்தவை. சிஸ்டம் புரொடெக்ஷனில் 'கான்ஃபிகர்' திறந்து உச்ச அளவைக் குறைத்தால் போதும். ஐபோன் உள்ள வீட்டில் மொபைல்சிங்க் என்ற ஃபோல்டரையும் தேடுங்கள். ஐட்யூன்ஸ் எடுத்த பழைய பேக்கப் பத்துப் பத்து ஜிபியாக அங்கே கிடக்கும். ஐட்யூன்ஸ் பிரிஃபரன்ஸில் டிவைசஸ் பகுதியிலேயே அதை நீக்கலாம்.

மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும் ஓப்பன் சோர்ஸ்தான் வேண்டும் என்பவர்களுக்கு இதே வேலையைச் செய்யும் வின்டிர்ஸ்டாட் (WinDirStat) இருக்கிறது. நெடுங்காலம் 1.1.2 பதிப்பிலேயே நின்று மந்தமாக ஓடிய அது, 2ஆம் வரிசையில் நன்றாக வேகம் பிடித்திருக்கிறது. விஸ்ட்ரீயின் மூலநிரல் திறந்ததல்ல. அது ஒரு பொருட்டில்லை என்றால் விஸ்ட்ரீயையே எடுங்கள்.