திருவனந்தபுரத்துக்கு மாற்று நிலையம்: கொச்சியா, மதுரையா?

ஃபிளைட் டிஸ்பாச் (விமானத்தின் பயணத் திட்டமும் எரிபொருள் கணக்கும் போடும் வேலை) படிக்கும் நம்மூர்ப் பிள்ளைகள் அடிக்கடி கேட்பது இது: திருவனந்தபுரத்தில் இறங்க முடியாமல் போனால் போய் இறங்க எந்த விமான நிலையத்தைக் குறிப்பது? விதியை முதலில் பார்ப்போம். ஜெட் விமானத்தில் பயண எரிபொருள், அதில் பொதுவாக 5% கூடுதல், மாற்று நிலையம் வரை போக வேண்டியது, கடைசியாக 1,500 அடியில் 30 நிமிடம் வட்டமடிக்கும் இருப்பு, எல்லாம் இருக்க வேண்டும். அந்தக் கடைசி இருப்பு குறைந்துதான் இறங்க முடியும் என்று தெரிந்தால் விமானி ‘மேடே ஃபியூவல்’ என்று எரிபொருள் அவசரநிலையைச் சொல்லியாக வேண்டும்.

தூரம்: திருவனந்தபுரத்திலிருந்து இரண்டும் நேர்கோட்டில் ஏறக்குறைய 195 கி.மீ. எரிபொருளில் பெரிய வித்தியாசம் வராது.

ஓடுதளம்: கொச்சி 3,400 மீட்டர். மதுரை சுமார் 2,285.

வானிலை: இங்கேதான் விஷயமே. ஜூனில் களியக்காவிளையில் குடையோடு பஸ் ஏறுங்கள். ஆரல்வாய்மொழி தாண்டினால் ரோடு காய்ந்து கிடக்கும், காற்றாலை சுற்றிக்கொண்டிருக்கும். மலைக்கு மேற்கே கொட்டும் மழை கிழக்கே வருவதில்லை. கொச்சியோ திருவனந்தபுரம் இருக்கும் அதே கரையில்; இரண்டும் ஒரே நாளில் மூடிக்கொள்ளலாம். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கொச்சி இரண்டு வாரம் இயங்கவே இல்லை.

ஆகவே ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, ஏ320 போன்ற, நடுவில் ஒரே நடைபாதை உள்ள விமானத்துக்கு என் தேர்வு மதுரை. வளைகுடாவிலிருந்து வரும், இரண்டு நடைபாதை உள்ள பெரிய அகல உடல் விமானத்துக்கு நீள ஓடுதளம் உள்ள கொச்சி. ஐப்பசி, கார்த்திகையில் மதுரைப் பக்கமும் இடி மழை உண்டு. அன்றைய வானிலை அறிக்கையைப் பார்த்தே பயணத் திட்டத்தில் மாற்று நிலையத்தை எழுதுங்கள்.