பிரிட்ஜ் பரவாயில்லை, கொண்டுவந்த தம்பிக்குத்தான் முழுப் புள்ளி

கிளிநொச்சி டவுனில் போன மாதம் ஒரு கடையில் இரட்டைக் கதவு பிரிட்ஜ் வாங்கினோம். ஒரு குறை சொல்லப்போவதால் கடைப் பெயர் போடவில்லை.

பிரிட்ஜைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சத்தமில்லை, ஐஸ் கட்டி பிடிப்பதில்லை, மரக்கறித் தட்டு கொஞ்சம் சின்னது. எழுத வைத்தது அதைக் கொண்டுவந்து பூட்டிய தம்பி.

விசுவமடு வரை பட்டா வாகனத்தில் நிமிர்த்தியபடியே கயிறு போட்டுக் கட்டி வந்தார். எங்கள் பழையதை 2011இல் வவுனியாவில் பாவித்ததாக வாங்கி, படுக்க வைத்து ஏற்றி வந்து, இறக்கிய கையோடு பிளக்கைச் செருகினோம், கரண்ட் வந்த புதிதில் யாருக்குப் பொறுமை இருந்தது! படுக்க வைத்தால் கொம்பிரசரில் இருக்கும் எண்ணெய் குழாய்க்குள் போய்விடும், அது திரும்பி வடிய சில மணி நேரமாவது நிமிர்த்தி வைக்க வேண்டும் என்று இந்தத் தம்பி சொல்லித்தான் தெரியும். நிமிர்த்திக் கொண்டுவந்ததையே இரண்டு மணி நேரம் சும்மா வைக்கச் சொன்னார்.

அந்த நேரத்துக்குள் சுவர் சொக்கெட்டில் மூன்று சின்ன லைட் உள்ள சோதிப்பான் ஒன்றைச் செருகிப் பார்த்துவிட்டு, "அண்ணை, எர்த் இல்லை, இதில நான் போடமாட்டன்" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது, பத்து வருடத்துக்கு மேல் பழையது இதே சொக்கெட்டில்தானே ஓடியது? அப்போது அம்மா குசினியில் இருந்து, "ஈரக் கையால தொட்டா சுள்ளெண்டும், அதான் நான் பாட்டா போட்டுக்கொண்டு திறக்கிறனான்" என்கிறா. இத்தனை வருடமும் யாரிடமும் சொல்லவில்லை!

வெளியே போய்ப் பார்த்தால் எர்த் வயர் நிலத்தில் அடித்த கம்பியில் இருந்து கழன்று மண்ணுக்குள் கிடக்கிறது. எர்த் இருந்தால் பிரிட்ஜின் உடம்பில் கரண்ட் கசிவு வந்த உடனேயே ட்ரிப் சுவிட்ச் விழும். இல்லாவிட்டால் யாராவது தொட்டு, அவர் உடம்பு வழியாகக் கரண்ட் நிலத்துக்குப் போனால்தான் விழும், அதுவும் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்தால். எங்களுடையது 30 மில்லி அம்பியர் கசிவுக்கே விழுவது, டெஸ்ட் பட்டனை அமத்தினார், நல்லகாலம் விழுந்தது. மறுநாள் வயரிங்காரரைப் பிடித்துப் புதுக் கம்பி அடித்த பிறகுதான் பிரிட்ஜ் ஓடியது. எக்ஸ்டென்ஷன் வயரில் போடலாமா என்று கேட்டதற்குத் தம்பி ஒரு பார்வை பார்த்தார், அதோடு சரி.

சுவரில் இருந்து நாலு விரல் தள்ளி வைத்தார், சூடு வெளியேற வேண்டுமே. பின்னால் ஒட்டியிருக்கும் துண்டில் ஆர்600ஏ, 48 கிராம் என்று இருக்கிறது. ஐசோபியூட்டேன், எரியும் வாயு. குழாயைக் கத்தியால் கித்தியால் ஓட்டையாக்கினால் சுவிச் ஒன்றையும் தொடாமல் கதவு யன்னலைத் திறந்துவிடச் சொன்னார்.

வோல்டேஜைச் சீராக்கும் ஸ்டெபிலைசர் கட்டாயம் என்று கடை முதலாளி நின்றார். தம்பி இரவு ஏழு மணிக்கு வோல்டேஜ் அளந்து பார்க்கச் சொன்னார், 190 காட்டியது, எங்கள் பிரிட்ஜின் கையேட்டில் 160 முதல் 260 வரை தாங்கும் என்று இருக்கிறது. வாங்கவில்லை. கரண்ட் போய் வந்தால் சில நிமிடம் பொறுத்துப் பிரிட்ஜுக்குக் கரண்டை விடும் "கார்ட்" என்ற காவல் கருவி ஒன்று மட்டும் போட்டோம்.

இனிக் குறை. பழையதைத் தந்தால் 3000 ரூபா கழிப்போம் என்றார்கள். என்ன செய்வீர்கள் என்றேன். இரும்புக்காரர் குழாயை வெட்டி எடுப்பாராம். அதற்குள் இருப்பது ஆர்12, ஓசோனைத் தின்னும் வாயு, 1987 மொன்ட்ரியல் உடன்படிக்கையால் உலகமே நிறுத்திய சாமான். அதை உறிஞ்சி சிலிண்டரில் பிடிக்கிற இயந்திரம் வைத்திருக்கும் குளிரூட்டித் திருத்துநர்கள் இருக்கிறார்கள். பழையதை வாங்கும் கடை அப்படி ஒருவரோடு பேசி வைத்திருக்க வேண்டாமா? ஒரு புள்ளி குறைக்கிறேன்.

கொடுக்கவில்லை. தங்கச்சியின் பிள்ளைகள் ஒளித்துப் பிடித்து விளையாடுகிறவர்கள், உள்ளே போய்க் கதவு சாத்துப்பட்டால் மூச்சு முட்டிவிடும், அதனால் அன்றைக்கே கதவைக் கழற்றிவிட்டேன். குழாயைத் தொடவில்லை. ஆள் கிடைக்கும்வரை கொட்டிலில் கிடக்கட்டும். இப்போது கீழ்த் தட்டில் அம்மாவின் அடைகோழி குந்தியிருக்கிறது.